ஐஸ் கம்பெனி எரிந்த வருடம்

புதன்கிழமை. ஜெலுத்தோங். பள்ளியின் கணினி அறை.
இருபத்திரண்டில் ஒன்பதுக்குத்தான் உயிர்.
முப்பத்தோரு பேர்,
ஒரு திரைக்கு மூன்றரைப் பிள்ளை.
ஏர்கோன் மட்டும் எல்லோருக்கும் போதும்.

"உங்கள் வட்டாரத்தில் இன்று இல்லாத ஒரு கட்டடம்":
இரண்டாம் படிவத்து வரலாற்றுப் பணி.

யுகேந்திரன் தட்டுகிறான்:
வணக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு
என்ன இருந்தது தயவுசெய்து சொல்லவும்.
வணக்கத்தை எடுடா என்கிறேன்.
தயவை எடு. வீட்டையும் எடு,
உன் வீடு அதற்குத் தெரியாது.
எடுத்து எடுத்துக் கடைசியில்
'பின்னால்' மட்டும் தனியாக நின்றது.
தேடினான்.
காருக்குப் பின்விளக்கு விற்கும் கடைகள் வந்தன.

சரி, சேர்க்கவும் வேண்டும்.
தெருவின் பெயர், அதன் பழைய எழுத்துக்கூட்டல்,
மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
பிரியக்கூடாத சொற்களை
இரட்டை மேற்கோளுக்குள் போடு.
சாலை கடக்கையில் தம்பி கையைப் பிடிப்பாயே, அப்படி.
"அவன் கடிப்பான், டீச்சர்" என்கிறாள் ஆய்ஷா.

தனுஸ்ரீக்கு ஐஸ் கம்பெனி.
படகுக்காரர்களுக்குப் பாளம் பாளமாக அறுத்துக் கொடுத்த இடம்,
ஒருநாள் தீப்பிடித்துப் போனதாம்.
"ஐஸ் எப்படி டீச்சர் எரியும்?"
தேடு என்கிறேன்.
தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்லும் சொல் அது.

பத்து நிமிடத்தில் கை தூக்கினாள்.
ஏழு பக்கம். ஏழிலும் 1968.
ஏழு பேர் சொன்னால் சரிதானே?

சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.
மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது.
அவள் கண் திரையை விட்டு வரவில்லை.
"தொழிற்சாலைக்கு மலாயில் கிலாங்.
ஏழிலும் கடைசி எழுத்தைக் காணோம், டீச்சர்."
கிலான். கிலான். கிலான்.
ஏழு வாயும் ஒரே இடத்தில் திக்கின.

ஒரே சாட்சி,
ஏழு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

மணி அடித்தது. யாரும் எழவில்லை.
எது முதலில் எழுதப்பட்டது என்று தேதி பார்த்தாள்.
தங்கும் விடுதியின் விளம்பரம், அதற்கு முன்
ஓர் உணவு உலாவின் அறிவிப்பு, அதற்கும் முன்
யாரோ வீடு விற்கப் போட்ட குறிப்பு.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஊதா நிறத்தில் மஞ்சள் எழுத்து,
மூலையில் சுழலும் பூமி உருண்டை:
ஹர்விந்திரன் த/பெ கோவிந்தராஜு, 2 செம்பாக்கா.
இதே பள்ளி.
வழிகாட்டிய ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர்.

முப்பத்தோரு தலைகள் திரும்பின.
அன்று தொண்ணூற்று நான்கு போட்ட கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரவு அவனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.
பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை, ஓய்வு நேரமாம்.
அந்த வருடத்தை எங்கிருந்து எடுத்தாய்?
இரண்டு நீலக் குறிகள்.
எழுதினான், நிறுத்தினான், மறுபடி எழுதினான்.
"வருஷம் போடாட்டி ரெண்டு மார்க் போயிடும்னு
நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

தனுஸ்ரீயின் பணி மேசைக்கு வந்தது.
வருடம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு.
கீழே ஏழு முகவரிகள்,
ஆறிலிருந்து ஏழாவதுக்கு அம்புக்குறிகள்,
ஏழாவதிலிருந்து ஒன்று எனக்கு.
என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை.
விடைத்திட்டத்தில் இதற்குக் கட்டமும் இல்லை.
ஓரத்தில் 2 என்று எழுதி வட்டமிட்டேன்.

அந்தப் பக்கத்தை அழித்துவிடேன் என்று
ஹர்விந்திரனிடம் கேட்டுப் பார்த்தேன்.
பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம்.

நேற்று மறுபடி தேடினேன்.
எட்டாவது வந்திருக்கிறது, வண்ணப்படத்தோடு.
கிலான்.